வெயிலில் நின்ற ரூட்டர்கள்

வெளியில் ரூட்டர் பொருத்துவது பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் தூரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். எத்தனை கிலோமீட்டர் எடுக்கும், எந்த ஆன்டெனா, எத்தனை டெசிபெல், நடுவில் மரம் இருந்தால் என்ன ஆகும். 2005க்குப் பிறகு வந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், மொட்டை மாடிகளிலும் தண்ணீர்த் தொட்டிகளின் மேலும் ஜி.ஐ. பைப் நட்டு அதன் உச்சியில் ரூட்டரைக் கட்டிய தலைமுறையும் இதே கேள்விகளோடுதான் தொடங்கியது. அந்த ஆண்டுகளை இப்போது திரும்பிப் பார்க்கும்போது இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட எனக்குப் பெரிதாக நினைவில் தங்கவில்லை. தங்கியிருப்பவை லோ வோல்டேஜ், உப்பிப்போன யூ.பி.எஸ். பேட்டரி, பச்சை பூத்த கேபிள் முனை, எர்த் இல்லாத பைப், சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாத மாடிக் கதவு. வெளியில் நின்ற ரூட்டர்களில் பெரும்பாலானவை அலை எட்டாமல் கெட்டுப்போகவில்லை. மின்சாரமும் நீரும் மின்னலும் அவற்றை நிறுத்தின. நின்றதை மறுபடி ஓட்டத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாததால் அவை நின்றபடியே கிடந்தன. இதை வெறும் பொறியியல் விவரமாக நான் சொல்லவில்லை. சிற்றூருக்கு இணையம் கொண்டுபோகிற ஒரு திட்டம் தன் பணத்தையும் அக்கறையையும் எங்கே வைக்க வேண்டும் என்பது இதைப் பொறுத்தே இருக்கிறது.

அறைக்குள் பத்திரமாக இருக்க வேண்டிய ஒரு பெட்டியை ஏன் மழைக்கும் வெயிலுக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்ற சிக்கல்கள் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தவை. ரூட்டரைக் கீழே வைத்துவிட்டு ஆன்டெனாவை மட்டும் மேலே ஏற்றலாம் என்பது இயல்பாகத் தோன்றும் யோசனை. தொலைக்காட்சி ஆன்டெனாவை அப்படித்தான் வைத்தோம். ஆனால் வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சாதாரண மெல்லிய கோஆக்சியல் கேபிள் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு ஒரு டெசிபெல் வீதம் சக்தியைத் தின்றுவிடும். மூன்று டெசிபெல் போனால் பாதி சக்தி போயிற்று என்று பொருள். பத்து மீட்டர் கேபிள் இறக்கினால் பத்தில் ஒரு பங்குதான் ஆன்டெனாவைச் சேரும். தடிமனான, விலையுயர்ந்த கேபிள் போட்டாலும் பத்து மீட்டருக்கு இரண்டு டெசிபெலுக்கு மேல் இழப்பு. ஈதர்நெட் கேபிளில் இந்தத் தொல்லை இல்லை. 100 மீட்டர் வரை ஒரு பிட்கூடக் குறையாமல் போகும், அதே கேபிளில் மின்சாரத்தையும் ஏற்றி அனுப்பலாம். ஆகவே ரூட்டரை ஆன்டெனாவின் முதுகிலேயே கட்டிவிட்டு, கீழிருந்து ஒரே ஒரு ஈதர்நெட் கேபிளை மேலே விடுவதுதான் சரியான வழி என்று எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். அலையின் கணக்குப்படி இது மிகச் சரி. அந்தச் சரியான முடிவே, வீட்டு வரவேற்பறைக்காக வடிவமைத்த ஒரு கருவியை மின்சாரம் மிக மோசமாகவும் வெயில் மிகக் கடுமையாகவும் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

சட்டமும் அந்த நேரத்தில்தான் கதவைத் திறந்தது. 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை, அனுப்பும் திறனுக்கும் ஆன்டெனா உயரத்துக்கும் வரம்பு வைத்து, கட்டடங்களுக்கு வெளியேயும் உரிமம் இன்றிப் பயன்படுத்த அனுமதித்தது. 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதிக்கு அந்த விடுதலை கிடைக்க 2018 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் வெளியில் நின்ற ரூட்டர்கள் பெரும்பாலும் 2.4இல் ஓடியவை. கருவியும் கைக்கெட்டும் விலையில் இருந்தது. லிங்க்சிஸ் நிறுவனம் 2002 இறுதியில் கொண்டுவந்த டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்ற நீலமும் கறுப்புமான பெட்டி லினக்ஸில் ஓடியது. அதன் மூல நிரல் 2003இல் பொதுவெளிக்கு வந்ததும், ஓபன்டபிள்யூ.ஆர்.டி. போன்ற மென்பொருள்களால் ஒரு வீட்டு ரூட்டரை நெடுந்தூர இணைப்புக்கு ஏற்றபடி மாற்றியமைக்க முடிந்தது. அனுமதி, மலிவான கருவி, மாற்றத்தக்க மென்பொருள் ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் சேர்ந்ததில் பிறந்ததுதான் அந்தக் காலத்து உற்சாகம். அது பொய்யான உற்சாகம் இல்லை என்பதற்குத் தேனியே சாட்சி.

1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தேனிக் கிளையைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறு விஷன் சென்டர்களைத் திறந்தது. ஆண்டிப்பட்டி, போடி, சின்னமனூர் பக்கத்து மக்கள் கண் புரை இருக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தேனிக்குப் பஸ் ஏற வேண்டாம். ஊரிலேயே பயிற்சி பெற்ற பெண் ஒருவர் பரிசோதிப்பார், தேனியில் இருக்கும் மருத்துவர் வீடியோ வழியே நோயாளியிடம் பேசுவார். இதற்கு முன்பே மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் கிராம இணையக் கூடங்கள் நடந்தன. ஆனால் அதில் கிடைத்த 35, 70 கிலோபிட் வேகத்தில் முகம் தெரிகிற வீடியோ ஓடாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் தலைமையில் இயங்கிய டியர் ஆய்வுக் குழு இந்த இடைவெளியை வைஃபையால் நிரப்ப முன்வந்தது. 11 ரூட்டர்கள், 9 நேர்கோட்டு இணைப்புகள். குறுகியது ஒரு கிலோமீட்டர், நீண்டது 15 கிலோமீட்டர். சில ரூட்டர்கள் 24 முதல் 42 மீட்டர் உயரக் கோபுரங்களில் நின்றன. சில கூரையில் நட்ட சிறு பைப்புகளில் நின்றன. ஒரு நூற்பாலை வளாகத்து மின்நிலையத்தின் புகைபோக்கியும் ஆன்டெனா தாங்கியது. ஒவ்வொரு ரூட்டரும் நீர் புகாத சிறு பெட்டிக்குள், ஆன்டெனாவை ஒட்டி, கீழிருந்து வரும் ஒற்றைக் கேபிளில் மின்சாரம் பெற்று ஓடியது. வெளியில் ரூட்டர் வைப்பது எதற்கு என்று யாராவது கேட்டால் நான் காட்டும் முதல் உதாரணம் இதுதான். பொழுதுபோக்குக்காகச் செய்த சோதனை அல்ல அது. மருத்துவரை நேரில் பார்க்க வாய்ப்பில்லாத ஒரு மூதாட்டியின் கண்ணுக்கும் மருத்துவருக்கும் நடுவில் இருந்த இணைப்பு.

என் வாதத்துக்கு வலுவான ஆதாரமும் அதே குழுவிடமிருந்துதான் வருகிறது. அவர்கள் 2007இலும் 2008இலும் அடுத்தடுத்து வெளியிட்ட இரண்டு ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்து வாசித்தால் எது எளிய சிக்கல், எது கடினமான சிக்கல் என்பது தெளிவாகும். முதல் கட்டுரை முழுக்க அலை பற்றியது. வைஃபை ஒரு கட்டடத்துக்குள் ஓடுவதற்காக எழுதப்பட்ட நெறிமுறை. ஒரு துண்டுத் தகவலை அனுப்பினால், கிடைத்தது என்ற பதில் சில மைக்ரோ நொடிகளுக்குள் வந்தாக வேண்டும். அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர்தான் போகும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப 100 மைக்ரோ நொடி ஆகும். அதற்குள் அனுப்பியவர் பொறுமையிழந்து அதையே மறுபடி அனுப்புவார், எதிர்முனை பதில் சொல்லும் நேரத்தில் இவரும் பேசுவார், இரண்டும் மோதும். இரு முனைகளும் முறை வைத்துப் பேசும்படி நெறிமுறையை மாற்றி எழுதியதும் வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடியது. அற்புதமான வேலை, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது ஒரு தடவை தீர்த்தால் தீர்ந்துவிடும் சிக்கல். திருத்திய மென்பொருளை எல்லா ரூட்டரிலும் ஏற்றிவிட்டால் முடிந்தது. அடுத்த ஆண்டுக் கட்டுரையில் அதே ஆட்கள் எழுதியது, அமைத்த வலையை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பதைப் பற்றி. அங்கே மின்சாரத்தின் தரம்தான் முதன்மையான எதிரி. இமாசலப் பிரதேசத்துத் தர்மசாலாவில் இயங்கிய ஏர்ஜல்தி வலையின் அனுபவத்தையும் அதில் சேர்த்திருந்தார்கள். அங்கே இணைப்புகள் 10 முதல் 41 கிலோமீட்டர் வரை நீண்டவை, கருவிகளோ மலிவான லிங்க்சிஸ் பெட்டிகள். மலையும் சமவெளியும், குளிரும் வெயிலும், விலை கூடிய கருவியும் மலிவான கருவியும் எவ்வளவோ வேறுபட்டும் இரண்டு இடத்திலும் முதல் எதிரி ஒன்றுதான்.

மின்சாரம் என்றதும் மின்வெட்டைத்தான் பலர் நினைப்பார்கள். 2012இல் சென்னைக்கு வெளியே பாதி நாளுக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்ததை அனுபவித்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது நியாயம். ரூட்டரைப் பொறுத்தவரை மின்வெட்டு அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. போனால் நிற்கும், வந்தால் மறுபடி ஓடும். ஆபத்து அரைகுறையாக வரும் மின்சாரத்தில் இருக்கிறது. மும்முனை மின்சாரம் விடும் நேரத்தில் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கினால் கிராமத்து வீட்டில் டியூப் லைட் எரியாது. அந்த வோல்டேஜில் யூ.பி.எஸ். மின்சாரம் இல்லை என்று முடிவுகட்டிப் பேட்டரிக்கு மாறிக்கொள்ளும். பேட்டரி மெல்ல மெல்ல வடியும். 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் இடத்தில் 11, 10, 9 என்று இறங்கிக்கொண்டே போகும்போது ரூட்டர் முழுதாகச் சாவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. விளக்கு எரியும், செயலி திகைத்து நிற்கும். மின்சாரம் சீரான பிறகும் அது தானாக மீளாது. யாராவது பிளக்கைப் பிடுங்கிச் செருக வேண்டும். இதில் கேபிளின் பங்கும் உண்டு. ஏழு வாட் எடுக்கும் ஒரு ரூட்டருக்கு 30 மீட்டர் ஈதர்நெட் கேபிளின் காலி இழைகள் வழியே 12 வோல்ட் அனுப்பினால், மேலே போய்ச் சேர்வதற்குள் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். வோல்டேஜ் குறையக் குறைய ரூட்டர் அதே வாட்டுக்காகக் கூடுதல் கரண்ட் இழுக்கும், இழப்பு இன்னும் கூடும். 48 வோல்ட்டில் அனுப்பினால் அதே கேபிளில் அரை வோல்ட்கூடக் குறையாது. ஈதர்நெட் கேபிளில் மின்சாரம் அனுப்புவதற்காக 2003இல் வந்த 802.3ஏ.எஃப். தரநிலை அந்த அளவு வோல்டேஜைத் தேர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் ரூட்டரைத் துண்டித்து, மின்சாரம் சீரான பிறகே மறுபடி இணைக்கும் ஒரு சிறு மின்சுற்றும் உண்டு. சூரிய மின் பலகையோடு வரும் சார்ஜ் கன்ட்ரோலரில் அது இருக்கும். பெர்க்லிக் குழுவும் தன் பங்குக்கு அப்படி ஒன்றைச் செய்தது. அலைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்த எத்தனையோ இணைப்புகளில் இந்தச் சிறு சுற்று இருந்ததில்லை. பேட்டரியை முழுக்க வடியவிட்டால் ஈய அமில பேட்டரியின் ஆயுள் மாதங்களில் முடிந்துவிடும் என்பதும் அதோடு சேர்ந்த நஷ்டம்.

எர்த் பற்றி நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. ஊரிலேயே உயரமான இடத்தில் ஓர் இரும்புக் குழாயை நட்டு, அதிலிருந்து ஒரு செம்புக் கம்பியை வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் வரைக்கும் கொண்டுபோகிறோம். சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி அடைமழையின் தொடக்கத்திலும் இடி இடிக்கும் நாட்டில் இதைச் செய்கிறோம். மின்னல் நேரடியாக அந்தப் பைப்பில் விழ வேண்டியதில்லை. பக்கத்து வயலில் விழுந்தாலும் நீண்ட ஈதர்நெட் கேபிளில் தூண்டப்படும் மின்னழுத்தம், ரூட்டரின் ஈதர்நெட் முனையை எரித்து, மறுமுனையில் இருக்கும் சுவிட்சையும் கம்ப்யூட்டரையும் எரிக்கப் போதுமானது. இதற்கான மருந்து பழையது, உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்தது. குழி வெட்டி, எர்த் பைப் இறக்கி, அடுப்புக் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடி, கோடையில் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டது. பைப்பையும், கேபிளில் திடீரென ஏறும் மின்னழுத்தத்தை மண்ணுக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டரையும் அந்தக் குழியோடு தடித்த கம்பியால் குறுக்கு வழியில் இணைத்துவிட்டால் ஆபத்தின் பெரும்பங்கு மண்ணுக்குப் போய்விடும். ஆனால் நடைமுறையில் நடந்தது வேறு. சுவரில் இருக்கும் மூன்று முள் சாக்கெட்டின் எர்த் முனையை நம்பினார்கள். பல கட்டடங்களில் அந்த முனைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. இரண்டு சர்ஜ் அரெஸ்டர் வாங்கிப் போட்டுவிட்டு, அவற்றின் எர்த் ஒயரை எதனோடும் சேர்க்காமல் தொங்கவிட்ட இடங்களும் உண்டு. எர்த் இல்லாத சர்ஜ் அரெஸ்டர் எதையும் காக்காது. இது தெரியாமல் நடந்த தவறு என்றுகூட முழுதாகச் சொல்ல முடியாது. குழி வெட்டும் கூலி மதிப்பீட்டில் இல்லை என்பதால் விட்டுவிட்டார்கள்.

நீரும் வெயிலும் பற்றி இவ்வளவு நீளமாகச் சொல்லத் தேவையில்லை. டபிள்யூ.ஆர்.டி. 54ஜி 0 முதல் 40 டிகிரி வரைதான் இயங்கும் என்று அதைச் செய்தவர்களே எழுதியிருந்தார்கள். மே மாதத்தில் திருச்சியிலோ வேலூரிலோ நிழலிலேயே 40 தாண்டும். காங்கிரீட் தளத்துக்கு மேலே வெயிலில் நிற்கும் காற்றுப் புகாத பெட்டிக்குள் எவ்வளவு ஏறும் என்று ஊகித்துக்கொள்ளலாம். பெட்டிக்கு மேல் ஒரு தகரக் குடை, வெள்ளைப் பெயின்ட் ஆகிய இரண்டும் செய்யும் உதவியை எந்த விலையுயர்ந்த ஆன்டெனாவும் செய்யாது. மழை நீரைவிட மோசமானது பெட்டிக்குள்ளேயே ஊறும் நீர். பகலில் சூடேறிய காற்று விரிந்து வெளியேறும், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஈரக் காற்றை உள்ளே இழுக்கும், உள்ளே அது துளியாகும். எலக்ட்ரிகல் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸை எம்-சீலாலும் சிலிக்கானாலும் எல்லாப் பக்கமும் பூசி அடைத்தவர்கள், திறந்து பார்த்தபோது அடியில் தண்ணீர் தேங்கியிருப்பதைக் கண்டது இதனால்தான். அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை, அதில் எறும்பும் குளவியும் புகாமல் ஒரு வலை இருந்தால் போதும். கேபிள் பெட்டியின் அடியிலிருந்துதான் நுழைய வேண்டும். நுழையும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி ஏற வேண்டும், அந்த வளைவின் அடியில் நீர் சொட்டிவிடும். கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிளுக்குப் பதிலாக அறைக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிளைப் போட்டால் சில கோடைகளில் உறை வெடித்து, அந்த வெடிப்பு வழியே புகும் நீர் கேபிளுக்குள்ளேயே இறங்கி வீட்டுக்குள் இருக்கும் சுவிட்ச் வரை வந்து சேரும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒருவர் சொல்லக்கூடும்: அது மலிவான வீட்டு ரூட்டரை வெளியில் வைத்த காலத்துக் கதை, இன்று வெளிப்புறத்துக்கென்றே செய்த கருவிகள் ஐ.பி. 65, ஐ.பி. 67 தரத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன, ஆன்டெனாவும் ரூட்டரும் ஒரே உடம்பாக வருகின்றன, இந்தக் கவலைகள் பழையவை. இதில் உண்மை உண்டு. ஐ.பி. 67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் நீர் புகாது. நான் வெளியில் வீட்டு ரூட்டரை வைக்கும்படி இன்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்கள் தூசியையும் நீரையும் பற்றி மட்டுமே பேசுகின்றன. மின்னலைப் பற்றியோ, 150 வோல்ட்டில் தடுமாறும் மின்சாரத்தைப் பற்றியோ, கேபிள் முனையில் ஏறும் பச்சையைப் பற்றியோ அவை ஒன்றும் சொல்வதில்லை. பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் அடாப்டர் வீட்டுக்குள் அதே சாக்கெட்டில்தான் செருகப்படுகிறது. கருவி மேம்பட்டதில் தோல்வி மறைந்துவிடவில்லை, பெட்டியிலிருந்து கேபிளுக்கும் அடாப்டருக்கும் எர்த்துக்கும் இடம் மாறியது.

இன்னொரு மறுப்பு அலைப் பக்கத்திலிருந்து வரும், அதை எளிதில் தள்ள முடியாது. இரண்டு ஆன்டெனாக்களும் ஒன்றையொன்று கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. நடுவில் ஒரு நீள்வட்ட வெளி தடையின்றி இருக்க வேண்டும். பிரெஞ்சு இயற்பியலாளர் ஃப்ரெனெலின் பெயரால் வழங்கும் அந்த வெளி, 10 கிலோமீட்டர் இணைப்பின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 17 மீட்டர் ஆரம் கொண்டது. நட்ட நாளில் தோளளவு நின்ற தென்னை சில ஆண்டுகளில் அதற்குள் தலையை நீட்டும். 24 டெசிபெல் ஆன்டெனாவின் கற்றை எட்டு டிகிரி அகலம்தான். ஆடிக் காற்று யூ கிளாம்பைத் தளர்த்தி ஆன்டெனாவைச் சற்றே திருப்பினாலும் இணைப்பு போய்விடும். ஆகவே அலையும் முக்கியம்தானே? முக்கியம்தான். ஆனால் கூர்ந்து பார்த்தால் இதுவும் என் பக்கத்துக்கே வருகிறது. தூரம் ஒரு தடையே இல்லை என்பதை வெனிசுவேலாவில் எர்மான்னோ பியெட்ரோசெமோலி 2006இல் காட்டிவிட்டார். இரண்டு மலை முகடுகளுக்கு நடுவே 279 கிலோமீட்டரை, வெளிச் சக்திப்பெருக்கி எதுவும் இல்லாமல், இதே லிங்க்சிஸ் ரூட்டர்களால் இணைத்தார். மறு ஆண்டு அந்தத் தூரம் 382 ஆயிற்று. சோதனை ஒரு நாளில் முடிந்துவிடும். மரம் வளர்வதும் கிளாம்ப் தளர்வதும் ஆண்டுக்கணக்கில் நடப்பவை. அவற்றைக் கவனிக்க வேண்டியது கணக்குப் போட்ட பொறியாளர் அல்ல, அந்த மாடிக்கு ஏறி ஸ்பானரால் முடுக்கக்கூடிய ஆள்.

அந்த ஆள் யார் என்பதில்தான் கடைசியாக எனக்கும் பலருக்கும் கருத்து வேறுபாடு. பராமரிப்பை நகரத்து நிறுவனம் ஒன்றிடம் ஆண்டு ஒப்பந்தமாக விடுவதே நம்பகமானது, கிராமத்தில் இதெல்லாம் தெரிந்தவர்கள் இல்லை என்பார்கள். தெரிந்தவர்கள் இல்லை என்ற பேச்சை நான் ஏற்கவே மாட்டேன். 1990களில் கேபிள் டிவி வந்தபோது, கம்பம் கம்பமாக ஆம்ப்ளிஃபையர் கட்டி, இணைப்பில் நீர் இறங்காமல் டேப் சுற்றி, எந்த இடத்தில் சிக்னல் செத்தது என்று முனைமுனையாகப் பார்த்துக் கண்டுபிடித்தவர்கள் சிற்றூர்க்காரர்கள்தான். எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுபவர் வோல்டேஜ் பற்றி அறிந்திருக்கும் அளவு பல கணினிப் பொறியாளர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கூடுதலாகத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான்: ரூட்டரின் எந்த விளக்கு எதைச் சொல்கிறது, கேபிள் முனையை எப்படிக் கிரிம்ப் செய்வது, கெட்ட பெட்டியைக் கழற்றி முன்கூட்டியே அமைத்து வைத்த உதிரிப் பெட்டியை எப்படி மாட்டுவது. தொலைவில் இருக்கும் நிறுவனத்து ஆள் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அவர் வந்து சேர்வதற்குள் ஒரு வாரம் போய்விடும். அந்த வாரத்தில் விஷன் சென்டருக்கு வந்தவர்கள் திரும்பிப் போயிருப்பார்கள், மறுபடி வரமாட்டார்கள். ஒரு வாரத் தடை ஒரு சேவையின் மேல் இருந்த நம்பிக்கையை எடுத்துவிடும். ஒப்பந்த நிறுவனம் தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வலையை வடிவமைக்கவும், மென்பொருளைக் கவனிக்கவும், உதிரிப் பெட்டிகளைத் தயார்செய்து அனுப்பவும் அது வேண்டும். கம்பத்தின் அடியில் நிற்க வேண்டியவர் உள்ளூர்க்காரராகவும் அதற்குச் சம்பளம் பெறுபவராகவும் இருக்க வேண்டும். சம்பளம் என்பதை அழுத்தியே சொல்கிறேன், ஏனெனில் ஊர் நன்மைக்காகச் சும்மா பார்த்துக்கொள்வார் என்று யாரையாவது நம்பி விட்ட இணைப்புகள் அவருக்கு வேறு வேலை கிடைத்த நாளோடு முடிந்துபோயின.

இனி இதெல்லாம் எதற்கு, 4ஜி வந்துவிட்டது, பாரத்நெட் திட்டத்தின் வழியே தமிழ்நாட்டில் 12,500க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை போகிறது என்ற கேள்வி மிஞ்சுகிறது. கண்ணாடி இழையில் மின்னல் ஏறாது, லோ வோல்டேஜ் கிடையாது, அது மேலானதுதான். போகும் இடமெல்லாம் போகட்டும். ஆனால் இழை ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பெட்டியில் முடிகிறது, அந்தப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். அங்கிருந்து பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ரேஷன் கடைக்கும் கடைசி அரைக் கிலோமீட்டரைக் கடப்பது பல இடங்களில் மறுபடியும் மாடியில் நிற்கும் ஒரு வைஃபை பெட்டியாகத்தான் இருக்கும். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வாணி திட்டம் டீக்கடைக்காரரும் உரிமக் கட்டணம் இன்றிப் பொது வைஃபை நடத்த வழிசெய்தது; அவர் கடைவாசலில் மாட்டும் பெட்டிக்கும் இதே வெயில், இதே மின்சாரம். செல்பேசிக் கோபுரங்கள் இந்தக் கவலைக்கு அப்பாற்பட்டவை என்பதும் சரியல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கத்தில் கஜா புயல் கரையேறிய பிறகு நாகை, புதுக்கோட்டைப் பகுதிகளில் போன்கள் ஊமையானதற்குச் சாய்ந்த கோபுரங்கள் மட்டும் காரணம் அல்ல. நின்ற கோபுரங்களுக்கும் மின்சாரம் இல்லை. ஆகவே இன்று ஓர் ஊராட்சிக்கு வெளிப்புற வைஃபை மதிப்பீடு என் கைக்கு வந்தால் நான் ஆன்டெனாவின் டெசிபெலைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது எர்த் குழிக்கும் அதைத் தோண்டும் கூலிக்கும் தனி வரி இருக்கிறதா என்பது. அடுத்து, ஈதர்நெட் கேபிளில் மின்சாரம் ஏற்றும் 48 வோல்ட் இன்ஜெக்டர், பேட்டரியைத் துண்டிக்கும் சுற்று, இரு முனையிலும் சர்ஜ் அரெஸ்டர், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப் பேட்டரி, அலமாரியில் ஓர் உதிரி ரூட்டர். பிறகு, மாடிச் சாவி வைத்திருப்பவரின் பெயரும் போன் எண்ணும், அவருக்கு மாதாமாதம் போகும் தொகையும். இவை இல்லாத மதிப்பீட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, இரண்டு ஊருக்குப் போட இருந்த பணத்தில் ஓர் ஊருக்கு மட்டும் ஒழுங்காகப் போடச் சொல்வேன்.